பாண்டியில் பழைய வீட்டை விடுதியாக்கும் எண்ணம் இருக்கிறதா? ஒரு நிமிடம்

பாண்டியில் தாத்தா வீடு ஒன்று சும்மா கிடக்கிறது, அதை ஹோம்ஸ்டே ஆக்கலாமா, எவ்வளவு செலவாகும், எங்கே அனுமதி வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். கொரோனாவுக்குப் பிறகு சனி ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் வண்டிகள் புல்வாருக்குள் (பழைய நகரப் பகுதிக்குள்) நகர முடியாமல் நிற்பதைப் பார்க்கிற யாருக்கும் அந்த ஆசை வரும்தான். நானும் என் தம்பியும் மிஷன் வீதிக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் நான்கு அறைகளை விருந்தினர்களுக்கு விட்டு நடத்தி வருகிறோம். அனுமதி, வரி, ஆன்லைனில் பதிவது எல்லாம் எந்த ஆடிட்டரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். சுவர், தண்ணீர், குப்பை, தெரு, இந்த நான்கையும் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. அதை மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

இந்த ஊரில் பழைய வீட்டைக் காப்பாற்றுவது என்றால் முகப்பைக் காப்பாற்றுவது என்றே ஆகிவிட்டது. தெருப் பக்கம் மஞ்சள் அடித்து, மரத்தூணுக்கு வார்னிஷ் போட்டு, வாசலில் பித்தளை உருளி வைத்துப் பூ மிதக்க விட்டிருப்பார்கள். உள்ளே போனால் முற்றத்தை மூடியிருக்கும், மாடியில் கான்கிரீட் தளம், அறைக்கு ஒரு ஏசி, கிணறு இருந்த இடத்தில் செப்டிக் டேங்க். இதில் எதை நாம் காப்பாற்றினோம்?

வைசியாள் வீதியில் 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு, பழைய கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது, 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அந்த வேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். தாழ்வாரமும் திண்ணையுமாக ஒரு தெரு முழுக்க எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படும் விருந்தினர்களை இன்றைக்கும் அங்கேதான் அனுப்புகிறேன். முகப்பு தெருவோடு சேர்ந்தது, அதற்குப் பொதுப்பணம் செலவாவது நியாயம். வாசற்படிக்கு உள்ளே இருப்பது நம் பொறுப்பு, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

முதலில் சுவர். எங்கள் வீட்டுச் சுவர்கள் செங்கல், சுண்ணாம்புக் காரை. எண்பதுகளில் ஊரெல்லாம் செய்ததைப் போல எங்கள் வீட்டிலும் நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள், ஈரம் வராது என்று. கடலோர ஊரில் தரையடி ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் காற்றில் போய்விடும், ஆறேழு வருடத்துக்கு ஒரு தடவை பூச்சு கொஞ்சம் உதிரும், திரும்பப் பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அது உள்ளுக்குள்ளேயே மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேல் உப்பு பூத்து, செங்கல்லே மாவாகக் கொட்ட ஆரம்பிக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரர் இன்னும் உயரமாகச் சிமெண்ட் பூசச் சொல்வார். இப்படியே போய், கடைசியில் "வீடு தாங்காதுங்க, இடிச்சிடலாம்" என்பார்கள். தாங்காமல் போனது எதனால் என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் செய்தது இதுதான். சிமெண்ட்டை முழுவதும் கொத்தி எடுத்தோம், ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காய விட்டோம், அப்புறம் சுண்ணாம்பு. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனார் வந்தார். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, வாரக்கணக்கில் ஊற விட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் பூசினார். "சீக்கிரம் இறுகணும்னு எவனாவது ஒரு பிடி சிமெண்ட்டைக் கலந்தா அவனை அப்பவே அனுப்பிடுங்கம்மா" என்று சொல்லி வைத்தார். பூசிய சுவரை வெயில் நேராகப் படாமல் சாக்குப்படுதா கட்டி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கூலி கூடுதல், நாள் கூடுதல், அதை மறைக்க மாட்டேன். இவ்வளவும் செய்துவிட்டு மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் எல்லாம் வீண், ஏனென்றால் அதுவும் சுவரின் மூச்சை அடைக்கிற வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து அடித்தால் போதும், போட்டோவிலும் அதுதான் நன்றாக விழுகிறது.

மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குத் தூலத்தின் மேல் குறுக்குச் சட்டம், அதன் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதற்கும் மேலே தட்டோடு. ஒழுகல் வந்ததும் கான்கிரீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று மூன்று பேர் விலை கொடுத்தார்கள். பழுதான இடத்தில் மட்டும் தட்டோட்டைப் பெயர்த்து, கீழே அரித்துப்போன இரண்டு சட்டங்களை மாற்றி, திரும்பப் பதித்தோம், அந்த மூன்று விலையில் எதையும் விடக் குறைவாகத்தான் ஆனது. சுற்றுச்சூழல் கணக்கைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. நிற்கிற சுவருக்காக எரிக்க வேண்டிய விறகு நூறு வருடத்துக்கு முன்பே எரிந்து முடிந்துவிட்டது. இடித்துக் கட்டினால் செங்கல் சூளை, சிமெண்ட் ஆலை, கம்பி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எரிக்க வேண்டும், இடித்த மண்ணை வேறு எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

பீச் ரோட்டில் இருக்கிற மேரி கட்டிடத்தை, அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டிடத்தை, எல்லோருக்கும் தெரியும். 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்றது, பல வருடம் பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. 2021-ல் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் விருந்தினர்கள் அதைப் பழைய கட்டிடம் என்று நினைத்துப் படம் எடுக்கும்போது எனக்கு ஒழுகல் சரிபார்க்கிற ஞாபகம்தான் வரும். புரட்டாசி முடிவதற்குள் மாடிக்கு ஏறி அரச மரக்கன்றைப் பிடுங்கி, மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள். பழைய வீட்டுப் பராமரிப்பில் பாதி அவ்வளவுதான்.

அடுத்தது முற்றம். வெயில், மழை, பூனை, புறா, எல்லாம் வரும், அதனால் மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடச் சொல்வார்கள். மூடாதீர்கள். சூடான காற்று மேலே போக வேறு வழியே கிடையாது, மூடிய மறு கோடையிலேயே எல்லா அறைக்கும் ஏசி கேட்கும். நாங்கள் கம்பி வலை மட்டும் போட்டோம். இரண்டு அறையில் ஏசி இருக்கிறது, மே ஜூனில் அது இல்லாமல் இங்கே வெளியூர்க்காரர்களால் முடியாது. மற்ற இரண்டு அறைகளுக்கு மின்விசிறியும் முற்றத்துக் காற்றும்தான், வாடகை குறைவு, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவைதான் முதலில் நிரம்புகின்றன. கொசு வரும், அதற்குக் கொசுவலை. சிலர் மதிப்பெண் குறைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், போகட்டும்.

இப்போது தண்ணீர், எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கிற ஆயி மண்டபத்துக்கு முன்னால் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுதான். முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. தன் வீட்டை இடித்துவிட்டுக் குளம் வெட்டியவள் ஆயி என்று கதை. நாம் அப்படியே தலைகீழ், குளத்தைத் தூர்த்து வீடு கட்டுகிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர், ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டது. சில மாதம் கழித்து அதே ஊரில் டேங்கர் லாரி ஓடுகிறது. இத்தனைக்கும் பாண்டிக்குப் பெரிய ஆற்று அணை எதுவும் கிடையாது, நாம் குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீர். கடலுக்குப் பக்கத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்தில் கடல் நீர் வந்து உட்காரும். கரையோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று யார் வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு வீட்டில் ஐந்து பேர் குடியிருந்த இடத்தில் ஒன்பது அறை போட்டுப் பதினெட்டுப் பேர் தங்கினால் அந்த வீட்டுக் கிணற்றின் கணக்கு என்ன ஆகும்? பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி விடுதியாக்கியவர்கள் மாடியில் நீச்சல் தொட்டியே கட்டினார்கள். அந்த வரிசையில் இரண்டு வீட்டுக் கிணறு வற்றியது அதனால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இப்போது தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள்.

நாங்கள் முதலில் செய்த வேலை மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பியது. கணக்கு எளிது: 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். பாண்டியில் ஆண்டுக்கு 120 சென்டிமீட்டர் அளவில் பெய்கிறது, சேதாரம் போகவும் ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கலாம். அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் ஒரே மூச்சில் வரும், தொட்டி கட்டிச் சேமிக்க இடம் போதாது, கிணற்றுக்குள் விட்டுவிடுவதுதான் சரி. கூழாங்கல், மணல், கரி போட்ட ஒரு வடிகட்டும் தொட்டி, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தனியாகத் திருப்பிவிட ஒரு வால்வு, அவ்வளவே. கொல்லைப்புறத்தைச் சிமெண்ட் போட்டு மூடாமல் மண்ணாகவே விட்டோம். பழைய ஊர் இருப்பது மணல் பூமி, விட்டால் தானாக இறங்கும்.

குளியலறையில் பாத்டப் கிடையாது. ஷவர் உண்டு, கூடவே வாளியும் சொம்பும் வைத்திருக்கிறோம். நீண்ட நேரம் ஷவரில் நின்றால் நூறு லிட்டர் போகும், வாளிக் குளியல் இரண்டு வாளியில் முடிந்துவிடும். போர்டு மாட்டி உபதேசம் செய்தால் யாரும் படிப்பதில்லை. அறைச் சாவியைக் கொடுக்கும்போது கிணற்றைக் காட்டி, "நீங்க குளிக்கிற தண்ணி இதுலேர்ந்துதான் வருது" என்று சொல்வதோடு சரி. அதற்குப் பலன் இருக்கிறது, குழந்தைகள் எட்டிப் பார்த்துவிட்டு அப்பா அம்மாவையே திட்டுகின்றன.

கடலைப் பற்றிச் சொல்லாமல் பாண்டியைப் பற்றிப் பேச முடியாது. என் அம்மா சிறு வயதில் மணலில் விளையாடிய கடற்கரை, நான் வளர்ந்தபோது கருங்கல் குவியலாக இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், லட்சக்கணக்கான கன மீட்டர். சுவர் அதைத் தடுத்ததும் தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே ஊர்க் கடற்கரை கரைந்தது. தடைபட்ட மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. பதிலுக்குக் கல் கொட்டினார்கள். கல் பீச் ரோட்டைக் காப்பாற்றியது, அரிப்பை வடக்கே தள்ளிவிட்டது: குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அதற்கப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று மீனவர் வீடுகள் போயின. சிமெண்ட் பூசிய சுவரில் உப்பு மேலே ஏறுகிற அதே கதை.

அப்புறம் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு எஃகுத் தடுப்பை மூழ்க வைத்தார்கள். அலையின் வேகம் குறைந்தது, காந்தி சிலை வரைக்கும் மணல் திரும்ப வந்து சேர்ந்தது. சுற்றுலாவுக்கு அதைவிடப் பெரிய வரவு வேறில்லை. ஆனால் அந்த இடத்தில் கடல் ஆழமும் இழுப்பும் நம்பத் தகுந்ததில்லை, விருந்தினர்களிடம் காலை நனைக்கலாம், இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

மாசி மகத்துக்கு மயிலம் முருகன் உட்பட எங்கெங்கிருந்தோ சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அத்தனை சாமிக்கும் அத்தனை ஜனத்துக்கும் மணல் வேண்டும். கரை குறுகினால் திருவிழாவும் குறுகித்தான் ஆக வேண்டும், இதைத் தனியாகக் கலாச்சாரப் பிரச்சினை என்றும் சுற்றுச்சூழல் பிரச்சினை என்றும் எப்படிப் பிரிப்பது?

திருவிழா என்றதும் தெருவுக்கு வருகிறேன். சாமி வீதி உலா வரும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று தீபாராதனை வாங்கிப் போகும். எங்கள் தெருவில் இப்போது சில வாசல்களில் தட்டோடு நிற்க ஆள் இல்லை, வீடு விடுதியாகிவிட்டது, வாட்ச்மேன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெரிய வீடுகளில் பகுதி பகுதியாகக் குடியிருந்தவர்கள் லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை என்று போய்விட்டார்கள், அவர்களை நம்பியிருந்த இஸ்திரிக்காரர் வண்டியும் போய்விட்டது. "உண்மையான தமிழ்த் தெரு" பார்க்க வருகிறவர்களுக்குக் கோலம் போடக் கூலிக்கு ஆள் வைக்கிற விடுதிகளைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அதனால்தான் நாங்கள் முன்பக்க இரண்டு அறைகளையும் விடவில்லை, அங்கே நாங்களே குடியிருக்கிறோம். தம்பி இன்னும் மாடியில் மூன்று அறை எழுப்பலாம் என்கிறான், பொங்கல் வந்தால் இந்தச் சண்டையும் வந்துவிடும்.

குப்பையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரத்துக் குப்பை குருமாம்பேட்டுக் கிடங்குக்குப் போகிறது, அங்கே போய் ஒருமுறை பார்த்துவிட்டு விடுதி தொடங்குங்கள். அறையில் பாட்டில் தண்ணீர் வைக்காமல் முற்றத்தில் சுத்திகரிப்பு இயந்திரமும் கண்ணாடிப் புட்டிகளும் வைத்தோம், பிளாஸ்டிக் பாதியாகக் குறைந்தது. சமையல் கழிவு கொல்லையில் காய்ந்த இலையோடு மட்குகிறது. பாண்டியாச்சே, மது பாட்டில்தான் தலைவலி, அதற்குக் காயலான் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம். பாட்டிலுக்குக் கிடைக்கிற காசு வேலை செய்கிற அக்காவுக்கு, அதனால் ஒன்றுகூடத் தவறுவதில்லை.

வண்டி நிறுத்த இடம் இல்லை என்று பதிவு செய்யும் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டுவிட்டோம். சென்னையிலிருந்து ஈசிஆர் பேருந்து இருக்கிறது, ஊருக்குள் நடந்தே போகலாம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரம் ஆகாது. சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டி விடுவதில்லை, அந்த நேரத்தில்தான் ஊரே அங்கே இருக்கிறது. வாரநாளில் வந்தால் வாடகையில் குறைக்கிறோம். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள் என்று மறக்காமல் சொல்கிறோம், குறிப்பாகக் கல்யாண ஷூட்டிங்காரர்களுக்கு.

வருமானம் எப்படி என்று கேட்பீர்கள். ஒன்பது அறை போட்டவர் எங்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவருக்குத் தண்ணீர் லாரி, மின் கட்டணம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சுவர் வேலை. எங்களுக்கு முதலில் கொட்டிய பணம் மெதுவாகத்தான் திரும்பியது, இப்போது மாதச் செலவு குறைவு. வங்கிக் கடன் வாங்கிச் செய்வதானால் இந்த வழி கஷ்டம், தவணை காத்திருக்காது, கையிருப்பில் செய்ய முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

தை மாதம் வேலையைத் தொடங்குங்கள். சிமெண்ட்டைக் கொத்தி எடுப்பதும் சுவரைக் காய வைப்பதும் சித்திரை வைகாசிக்குள் நடக்கட்டும், பூச்சு ஆனி ஆடியில், மாடி வேலை எப்படியும் ஆவணிக்குள் முடிந்துவிட வேண்டும். எந்த ஒப்பந்தக்காரர் வந்தாலும் அவர் சுண்ணாம்பு பூசி ஐந்து வருடம் ஆன ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள், புதிதாகப் பூசியதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எங்கள் கொத்தனார் நம்பர் வேண்டுமென்றால் தருகிறேன், ஆனால் அவர் கையில் ஏற்கெனவே இரண்டு வீடு இருக்கிறது, அடுத்த தைக்குத்தான் வருவார்.